பயன்படுத்திய சிறு உழவு இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

பயன்படுத்திய சிறு உழவு இயந்திரம் (பழைய மினி டிராக்டர்) என்பது முன்னரே வேலை செய்து மறுவிற்பனைக்கு வரும், ஏறத்தாழ 15 முதல் 30 குதிரைத்திறன் வரையிலான பொறியைக் கொண்ட நான்கு சக்கர உழவு இயந்திரம் ஆகும். சிறிய வயல்கள், தென்னந்தோப்புகள், பழத்தோட்டங்கள், வரிசைப் பயிர்களின் இடைவெளிகள் ஆகியவற்றில் பெரிய டிராக்டர் நுழைய முடியாத இடங்களில் இது பயன்படுகிறது. புதிய இயந்திரத்தை விட விலை குறைவு என்பதால் சிறு விவசாயிகளும், சென்னை போன்ற நகரங்களில் வாழ்ந்துகொண்டு ஊரில் சிறிதளவு நிலம் வைத்திருப்போரும் இதனை நாடுகின்றனர். ஆனால் இயந்திரத்தின் உண்மையான செலவை வாங்கும் விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. அது முன்பு செய்த வேலை, உதிரிப் பாகங்கள் கிடைக்கும் தன்மை, ஆவணங்களின் நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

தமிழ்நாட்டில் உள்ள சிறு உழவு இயந்திரங்கள்

தமிழ்நாட்டின் மறுவிற்பனைச் சந்தையில் காணப்படும் சிறு இயந்திரங்களுள் வி.எஸ்.டி. சக்தி எம்.டி. 180டி குறிப்பிடத்தக்கது. மிட்சுபிசி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைத் தழுவிய இது மூன்று உருளைகளைக் கொண்டது. ஏறத்தாழ 18 முதல் 19 குதிரைத்திறன் உடையது. மகிந்திரா யுவராஜ் 215, சுவராஜ் 717 ஆகிய இரண்டும் 15 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை உருளை இயந்திரங்கள். குபோட்டா நிறுவனத்தின் நியோஸ்டார் வரிசையில் வரும் பி2441 (24 குதிரைத்திறன்), பி2741 (27 குதிரைத்திறன்) ஆகியவை மூன்று உருளைகளும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டவை.

ஒற்றை உருளைப் பொறியின் அமைப்பு எளிது. சிற்றூர்ப் பட்டறையிலேயே பிரித்துச் சேர்க்கலாம். ஆனால் அதிர்வு அதிகம், அதனால் மரைகள் தளர்வதும் தகரப் பகுதிகள் விரிசல் விடுவதும் உண்டு. மூன்று உருளைப் பொறி அமைதியாக ஓடும். முழுமையான பழுதுநீக்கம் என்று வந்தால் செலவு கூடும்.

இவற்றோடு, 35 குதிரைத்திறன் கொண்ட பழைய மாசி பெர்குசன் 1035 போன்றவையும் சிறு நிலத்துக்கென விலைபேசப்படுகின்றன. பிரித்தானிய மாசி பெர்குசன் 35 வகையின் வழிவந்த இதனைத் தயாரிக்கும் டாஃபே நிறுவனம் 1960 இல் சென்னையில் நிறுவப்பட்டது. 1035 சிறு டிராக்டர் வகையைச் சேர்ந்தது அன்று. எனினும் பழைய 1035 இன் விலை சில வேளைகளில் நல்ல நிலையிலுள்ள 18 குதிரைத்திறன் இயந்திரத்தின் விலைக்குச் சமமாகவோ குறைவாகவோ அமைவதால் வாங்குபவர் குழப்பமடைவது வழக்கம். திறந்த வயலும் அகன்ற வரப்பு வழியும் உள்ளவருக்கு 1035 பொருந்தலாம். மரங்களுக்கு இடையே திரும்ப வேண்டியவருக்குப் பொருந்தாது.

வாங்க வேண்டுமா என்ற கணக்கு

இயந்திரத்தைப் பார்க்கச் செல்லும் முன் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 1 மீட்டர் அகலமுள்ள சுழல் கலப்பை (ரோட்டவேட்டர்) மணிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒரு மணி நேரத்தில் 2,500 சதுர மீட்டரைக் கடக்கும். திரும்புதல், ஒன்றன்மேல் ஒன்று படிதல் ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் மிஞ்சுவது 2,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ அரை ஏக்கர். ஆகவே ஓர் ஏக்கரை ஒரு முறை உழ இரண்டு மணி நேரம் ஆகும்.

2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர், அதாவது ஏறத்தாழ 1.85 ஏக்கர் ஆகும். இந்த நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு பயிர், ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை உழவு என்று கொண்டாலும் இயந்திரம் ஆண்டில் 22 மணி நேரமே ஓடும். எஞ்சிய நாள்களில் அது கொட்டகையில் நிற்கும். மின்கலம் இறங்குதல், டீசலில் நீர் சேர்தல், எலி மின்கம்பிகளைக் கடித்தல் ஆகியன நிற்கும் இயந்திரத்துக்கே உரிய கேடுகள். திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ குடியிருந்து, மாதம் ஒருமுறை செங்கல்பட்டு அல்லது திருவள்ளூர் மாவட்டத்து நிலத்துக்குச் செல்பவர் இதனை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊரில் இயந்திரத்தை வாரம் ஒருமுறையாவது இயக்கிப் பார்க்க ஆள் இல்லையெனில் வாடகையே சிக்கனமானது. தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை உழவு இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு வழங்குகிறது; தனியார் வாடகை மையங்களும் உண்டு.

உழவு தவிர வேறு வேலை இருந்தால் கணக்கு மாறும். தென்னந்தோப்பில் களை மடக்குதல், மா அல்லது திராட்சைத் தோட்டத்தில் மருந்து தெளித்தல், ஐந்து அடி இடைவெளியில் நட்ட கரும்பில் இடையுழவு, எரு ஏற்றுதல் போன்றவை ஆண்டு முழுவதும் பரவியிருப்பவை. இத்தகைய வேலைகளுக்குக் குறித்த நாளில் வாடகை இயந்திரம் கிடைப்பதும் அரிது. சொந்தச் சிறு டிராக்டர் பொருள் உடையதாவது இங்கேதான்.

புதியதுடன் ஒப்பிடுகையில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. 2014-15 இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகளுக்கும், மகளிருக்கும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கும் 50 விழுக்காடு வரையிலும், பிறருக்கு 40 விழுக்காடு வரையிலும், உச்ச வரம்புக்கு உட்பட்டு மானியம் வழங்கப்பட்டு வந்துள்ளது. இது புதிய இயந்திரத்துக்கே உரியது. மேலும் டிராக்டர் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எனவே அதற்கு முந்தைய விலைகளை மனத்தில் வைத்துப் பழைய இயந்திரத்தின் விலையைப் பேசுவது விற்பவருக்கே ஆதாயமாகும்.

திறனும் கருவியும்

விளம்பரங்களில் சொல்லப்படும் குதிரைத்திறன் பொறியினுடையது. சுழல் கலப்பை, தெளிப்பான் போன்றவற்றை இயக்கும் திறனெடுப்புத் தண்டில் (பி.டி.ஓ.) கிடைப்பது சிறு டிராக்டர்களில் அதில் ஏறத்தாழ முக்கால் முதல் ஐந்தில் நான்கு பங்கு வரையே. 15 குதிரைத்திறன் டிராக்டரில் கருவிக்குக் கிடைப்பது 11 அல்லது 12 என்று கொள்ளலாம். எனவே 1.2 மீட்டர் கலப்பையை அதில் பூட்டினால் கடின மண்ணில் பொறி திணறும். முந்தைய உரிமையாளர் அளவுக்கு மீறிய கருவியைப் பூட்டியிருந்தாரா என்பதை, அவர் இயந்திரத்தோடு சேர்த்து விற்கும் கருவியைப் பார்த்தே அறியலாம்.

மத்தியப் பிரதேச மாநிலம் புத்னியில் 1955 இல் தொடங்கப்பட்ட நடுவண் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. திறனெடுப்புத் தண்டின் திறன், எரிபொருள் செலவு, நீரியல் தூக்கியின் கொள்ளளவு ஆகியவை அவ்வறிக்கைகளில் இருக்கும். குறித்த வகையின் சோதனை அறிக்கை கிடைத்தால் விற்பனைத் துண்டறிக்கையை விட அதனையே நம்பலாம்.

முந்தைய வேலையை அறிதல்

மணிமானி (அவர் மீட்டர்) காட்டும் எண்ணை மட்டும் நம்புவதற்கில்லை. அதனை மாற்றுவது எளிது. உடைந்து ஆண்டுக்கணக்கில் ஓடாமல் இருப்பதும் உண்டு. பழைய வகை மணிமானிகள் பொறியின் சுழற்சியைக் கொண்டு கணக்கிடுவதால் மெதுவாக ஓடிய நேரத்தைக் குறைத்தே காட்டும். கிளட்ச் மிதியின் இரப்பர் தேய்வு, இழுவைத் துளை நீள்வட்டமாகி இருத்தல், மும்முனை இணைப்பின் குண்டு முனைகளில் ஆட்டம், திறனெடுப்புத் தண்டின் வரிப்பற்கள் கூராகி இருத்தல் ஆகியவை எண்ணை விட உண்மையானவை. 600 மணி நேரம் காட்டும் டிராக்டரில் மிதி இரப்பர் வழவழவென்று இருந்தால் அந்த எண்ணைத் தள்ளிவிடலாம்.

எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை விட எங்கே ஓடியது என்பது முதன்மையானது. தமிழ்நாட்டில் இதனை மூன்று வகையாகக் காணலாம்.

காவிரிப் படுகையிலும் ஏரிப்பாசனப் பகுதிகளிலும் டிராக்டரின் கடினமான வேலை சேற்றுழவு. பின்சக்கரத்தோடு கூண்டுச் சக்கரம் (கேஜ் வீல்) மாட்டி, அச்சு வரை நீர் நிற்கும் வயலில் ஓட்டும்போது பின் அச்சின் எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் தேய்ந்து நீர் உள்ளே புகும். கியர்ப்பெட்டியின் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துள்ளது என்பது தெளிவு. அளவு காட்டும் குச்சியை மட்டும் பார்த்தால் போதாது. அடியிலுள்ள வடிகட்டும் மரையைத் தளர்த்திச் சிறிது எண்ணெயை வெளியே விட்டுப் பார்த்தல் நலம், ஏனெனில் நீர் அடியில் தங்கும். உலர் தடை (பிரேக்) கொண்ட இயந்திரங்களில் சேறு தடைத் தகட்டுக்குள் சென்றிருக்கும். சக்கரத் தட்டில் கூண்டுச் சக்கரம் பூட்டிய தழும்புகள் இருப்பின், விற்பவர் மானாவாரி நிலத்தில் மட்டும் ஓட்டியதாகக் கூறினாலும் ஏற்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சுமை இழுத்தவை. செங்கல் சூளைகளுக்கும் மணல், சல்லி ஏற்றுவதற்கும் ஓடியவற்றில் கிளட்ச், முன் அச்சு, பின் டயரின் நடுப்பகுதி ஆகியன தேய்ந்திருக்கும். உழவுக் கருவி இணைப்புகள் மட்டும் புதிதுபோல் இருக்கும். இந்த முரணே அடையாளம். மூன்றாவது, புழுதியில் உழுதவை. இவற்றில் காற்று வடிகட்டியும் அதிலிருந்து பொறிக்குச் செல்லும் இரப்பர்க் குழாயும் முதன்மையானவை. குழாயின் உட்புறம் விரல் விட்டுத் தடவும்போது மண் ஒட்டினால், அம்மண் உருளைக்குள்ளும் சென்று தேய்த்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நேரில் சோதித்தல்

பொறி குளிர்ந்திருக்கும் நிலையிலேயே சோதனை தொடங்க வேண்டும். வருவதாக முன்கூட்டியே சொல்லியிருந்தால் விற்பவர் இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கலாம். பொறியின் மேல் கை வைத்தால் தெரிந்துவிடும். குளிர்ந்த பொறி உடனே கிளம்பாமல் பலமுறை சுற்றிய பின் கிளம்பினால் அழுத்தக் குறைவோ, எரிபொருள் செலுத்தியின் பழுதோ இருக்கலாம். தொடக்கத்தில் சிறிது புகை வருவது இயல்பு. சூடான பின்னும் நீலப்புகை தொடர்ந்தால் எண்ணெய் எரிகிறது; வெண்புகை தொடர்ந்தால் குளிர்நீர் உருளைக்குள் கசியலாம்; சுமையில் கரும்புகை அடர்ந்தால் காற்று போதவில்லை அல்லது எரிபொருள் மிகுதி. ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்க, அங்கிருந்து காற்று விசையுடன் துடித்து வெளியேறினால் உந்துதண்டின் வளையங்கள் தேய்ந்துள்ளன. கதிர்வீசியின் (ரேடியேட்டர்) மூடியைப் பொறி குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். கிணற்று நீரோ ஆழ்துளை நீரோ ஊற்றப்பட்டு உப்புப் படிந்த கதிர்வீசிகள் தமிழ்நாட்டில் மிகச் சாதாரணம்.

கிளட்ச்சைச் சோதிக்க, திறந்த இடத்தில் தடையை அழுத்திப் பிடித்து, உயர் கியரில் கிளட்ச் மிதியை மெல்ல விடலாம். பொறி திணறி நிற்க வேண்டும்; நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் மாற்ற டிராக்டரை நடுவே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருப்பதால் தகட்டின் விலையை விடக் கூலி அதிகமாகலாம். ஒவ்வொரு கியரிலும் சிறிது தூரம் ஓட்டி, முடுக்கியை விடும்போது கியர் தானே விலகுகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

நீரியல் தூக்கிக்குக் கலப்பையைப் பூட்டித் தூக்கிப் பொறியை நிறுத்த வேண்டும். கலப்பை சிறிது நேரத்திலேயே தரையைத் தொட்டால் உந்துதண்டின் தடுப்பு வளையமோ கட்டுப்பாட்டு அடைப்பிதழோ தேய்ந்துள்ளது. தூக்கிய கலப்பைக்குக் கீழே எவரும் கையோ காலோ வைத்தல் கூடாது.

நான்கு சக்கர இயக்கம் கொண்டவற்றில் பலர் காணத் தவறுவது டயர் அளவு. முன், பின் சக்கரங்களின் சுற்றளவுக்கு இடையே ஒரு குறித்த விகிதம் இருக்குமாறே பல்லிணைகள் அமைக்கப்பட்டுள்ளன. தேய்ந்த முன் டயருக்குப் பதில் கிடைத்த அளவைப் போட்டிருந்தால், இரு அச்சுகளும் ஒன்றையொன்று இழுத்து முன் இயக்கப் பல்லிணைகளைத் தின்றுவிடும். டயரில் பொறித்த அளவைக் கையேட்டுடன் ஒப்பிட்டால் இது தெரியும். இத்தவறு நேர்ந்திருந்தால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுவதே நல்லது.

புதிதாக வண்ணம் பூசிய இயந்திரத்தை ஐயத்தோடு அணுக வேண்டும். வண்ணம் பழைய எண்ணெய்க் கசிவை மறைக்கும். ஒரு மணி நேரம் உழுத பின் கசிவு மீண்டும் தெரியும். ஆகவே முற்றத்தில் ஓட்டிக் காட்டுவதை ஏற்காமல் வயலில் ஒரு மணி நேரம் உழுது பார்க்கக் கேட்பது முறையானது. மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டிய தேவை இல்லை.

சிறு டிராக்டர்களின் சக்கர இடைவெளி குறுகியது என்பதால் வரப்பு, வாய்க்கால் ஓரங்களில் பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பு உண்டு. பின் அச்சின் மட்டத்துக்கு மேலே சங்கிலி கட்டி எதையாவது இழுத்தால் முன்பக்கம் எழும்பிப் பின்புறமாக ஓட்டுநர் மேல் கவிழும். கவிழ்வுக் காப்புச் சட்டம் உள்ள வகையில் முந்தைய உரிமையாளர் மரக்கிளை இடிப்பதால் அதனைக் கழற்றி வைத்திருந்தால், அதைக் கேட்டு வாங்கிப் பூட்ட வேண்டும்.

உதிரிப் பாகங்கள்

உதிரிப் பாகம் கிடைக்காத டிராக்டர் எவ்வளவு மலிவானாலும் இழப்பே. ஒரு தடுப்பு வளையத்துக்காக நடவுக் காலத்தில் பத்து நாள் காத்திருந்தால் பருவமே தவறிவிடும். விலை பேசும் முன், இயந்திரம் ஓடப்போகும் ஊருக்கு அருகிலுள்ள இரண்டு பட்டறைகளில் அந்த வகையின் கிளட்ச் தகடு, நீர் இறைப்பி, எண்ணெய் வடிகட்டி ஆகியவை கிடைக்குமா என விசாரிப்பது சிறந்த சோதனை. சிறு டிராக்டர்களின் 8.00-18 போன்ற பின் டயர்கள் எல்லாச் சிற்றூர்க் கடைகளிலும் இருப்பதில்லை.

சென்னையில் வாழ்பவருக்கு ஒரு வசதி உண்டு. திருவல்லிக்கேணியை ஒட்டிய அண்ணா சாலைப் பகுதி நெடுங்காலமாக ஊர்தித் தொழிலோடு தொடர்புடையது. 1840 இல் குதிரைவண்டி கட்டும் தொழிலகமாகத் தொடங்கிய சிம்சன் நிறுவனம் அண்ணா சாலையில் உள்ளது. இந்நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் பெர்கின்சு நிறுவனத்தின் கூட்டுறவுடன் டீசல் பொறி தயாரிப்பில் இறங்கியது. பல டிராக்டர்களில் சிம்சன் பொறிகள் உள்ளமையால் அவற்றின் பாகங்களை அறிந்த பொறிவல்லுநர்கள் தமிழ்நாடெங்கும் உள்ளனர். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஊர்தி உதிரிப் பாகக் கடைகளுக்கும், எழும்பூரை அடுத்த புதுப்பேட்டை பழைய பாகங்களுக்கும் பெயர்பெற்றவை. தாங்கு உருளைகள் (பேரிங்), எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் போன்றவை பொது அளவுகளில் வருவதால், அவற்றின் மேல் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு சென்றால் நிறுவனப் பெயர் இல்லாமலேயே வாங்கலாம். பல்லிணை, எரிபொருள் செலுத்தி போன்ற வகைக்கே உரிய பாகங்களை முகவரிடமே வாங்க வேண்டும்.

உதிரிப் பாகச் சிக்கல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட சிறு டிராக்டர்கள் ஐக்கிய அமெரிக்காவுக்கு இறக்குமதியாகி மலிவாக விற்கப்பட்டன. ஜப்பானியச் சந்தைக்கென உருவாக்கப்பட்ட அவற்றில் எச்சரிக்கைகளும் ஜப்பானிய மொழியிலேயே இருந்தன. பாகங்களும் அமெரிக்க வகைகளோடு முழுதும் ஒத்துப்போகவில்லை. குபோட்டா நிறுவனம் தொடுத்த வழக்கில், இத்தகைய இறக்குமதியைத் தடுத்த ஆணையை 1999 இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆவணங்கள்

வேளாண் டிராக்டர் நடுவண் மோட்டார் ஊர்தி விதிகளின்படி போக்குவரத்து அல்லாத ஊர்தி ஆகும். அதன் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். 14 ஆண்டுகள் ஆன இயந்திரத்தை வாங்குபவர் அடுத்த ஆண்டே புதுப்பிப்புக்காக அதனைச் சீர்செய்து அலுவலகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும் என்பதை விலையில் கணக்கிடுதல் வேண்டும். இழுவைப் பெட்டி (டிரெய்லர்) சேர்ந்து வந்தால் அதன் பதிவுச் சான்றையும் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

பதிவுச் சான்றிலுள்ள பொறி எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் இயந்திரத்தில் பொறிக்கப்பட்டவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். அடுத்து, சான்றில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் அடமானக் குறிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். டிராக்டர்கள் பெரும்பாலும் கடனில் வாங்கப்படுபவை. கடன் முடிந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட படிவம் 35 உம் தடையின்மைச் சான்றும் தேவை. இவையின்றிப் பணம் கொடுத்தவரின் கையிலிருந்து இயந்திரத்தை நிதி நிறுவனம் மீட்டுச் செல்ல இயலும். அப்போது விற்றவரைத் தேடுவது வாங்கியவரின் பாடாகும்.

உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியன பயன்படுகின்றன. வேறு மாநிலத்தில் பதிவான இயந்திரத்துக்குப் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டம் 50 ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டுச் சான்றையும் வாங்கியவர் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

சிற்றூர்களில் வெற்றுப் படிவங்களில் கையொப்பம் பெற்றுக்கொண்டு, பெயர் மாற்றாமலேயே இயந்திரம் மூன்று நான்கு கைகள் மாறுவது வழக்கமாக உள்ளது. இது விற்பவருக்கும் ஆபத்தானது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், ஊர்தி பலரிடம் கைமாறிய பின் நேர்ந்த விபத்துக்கும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என 2018 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பவரின் பெயரும் பதிவுச் சான்றிலுள்ள பெயரும் வேறாக இருந்தால், பதிவு உரிமையாளர் நேரில் வந்து கையொப்பமிடும் வரை முழுத் தொகையையும் கொடுக்காமல் இருப்பதே வாங்குபவருக்குப் பாதுகாப்பு.